வீட்டுப் பட்டறையில் எரிவாயு வெப்ப உலைக்கு எரிகாற்று வழங்கல்

எரிகாற்று என்பது ஓர் எரிபொருள் முழுமையாக எரிவதற்குத் தேவைப்படும் காற்றாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா போன்ற குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டைச் சூடாக்க இயற்கை எரிவாயுவில் இயங்கும் வெப்ப உலை பயன்படுகிறது. மக்கள் இதை ஃபர்னஸ் என்றே அழைக்கின்றனர். இது பெரும்பாலும் பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையிலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ இருக்கும். அதே இடத்தில்தான் பலர் மர வேலைக்கான சிறு பட்டறையையும் அமைத்துக்கொள்கின்றனர். உலைக்குக் காற்று வேண்டும். பட்டறையில் நிற்பவருக்கும் காற்று வேண்டும். பட்டறையின் தூசி உறிஞ்சியோ காற்றை வெளியே தள்ளுகிறது. இந்த மூன்றுக்கும் இடையே ஏற்படும் போட்டியில் உலை தோற்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறைக்குள் பரவக்கூடும். எனவே உலைக்கு எரிகாற்று வழங்குவது உயிர்க்காப்புத் தொடர்பான செய்தியாகும்.

எரிதலின் வேதியியல்

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு மீத்தேன் மூலக்கூறு முழுமையாக எரிய இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. அதன் விளைவாக ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் உண்டாகின்றன.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கன அளவில் சுமார் 21 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆகவே ஒரு கன அடி மீத்தேனுக்கு வேண்டிய இரண்டு கன அடி ஆக்சிஜனைப் பெற, ஏறத்தாழ 9.5 கன அடி காற்று வேண்டும். கணக்கு எளிதாக இருக்க இதை 10 என்று கொள்வது வழக்கம். சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேனுக்கு ஒரு பங்குக்குச் சுமார் 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்குச் சுமார் 31 பங்கு காற்றும் தேவைப்படும். மூலக்கூறில் கார்பன், ஹைட்ரஜன் அணுக்கள் மிகுந்தால் அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனும் மிகும் என்பதே காரணம்.

இது ஏட்டுக்கணக்கு. உண்மையில் வாயுவும் காற்றும் பர்னரில் ஒரு சீராகக் கலப்பதில்லை. எல்லா மீத்தேன் மூலக்கூறுகளுக்கும் ஆக்சிஜன் கிடைக்க வேண்டுமானால் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகக் காற்றைத் தர வேண்டும். இதற்கு மிகைக்காற்று என்று பெயர். இயற்கை இழுவையால் இயங்கும் பழைய உலைகளில் புகைபோக்கிக்குச் செல்லும் வழியில் அறைக் காற்று மேலும் ஒருமுறை கலக்கிறது. இது கலப்புக் காற்று எனப்படும். ஆகவே ஓர் உலைக்கு வேண்டிய மொத்தக் காற்று, எரிதலுக்கான காற்று, மிகைக்காற்று, கலப்புக் காற்று ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையாகும்.

காற்று போதாதபோது நிகழ்வது

ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் முழுமையாக எரியாமல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. எரிவாயு கசிந்தால் அதில் சேர்க்கப்பட்டுள்ள நாற்றப்பொருள் நம்மை எச்சரிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு அத்தகைய எச்சரிக்கை ஏதுமில்லை. அதன் அடர்த்தி ஏறத்தாழக் காற்றின் அடர்த்தியே என்பதால் அது அறை முழுவதும் கலந்து நிற்கும்.

இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. அதனால் காற்றில் இந்த வாயு சிறிதளவே இருந்தாலும் உடலுக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைந்துவிடும். காற்றில் பத்து இலட்சத்தில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 1600 பங்கு இருந்தால் 20 நிமிடங்களில் தலைவலியும் தலைச்சுற்றலும் குமட்டலும் ஏற்பட்டு, ஓரிரு மணி நேரத்தில் உயிரே போகலாம். தொடக்க அறிகுறிகள் சாதாரண சளிக்காய்ச்சலைப் போலவே இருப்பதால் பலர் படுத்து ஓய்வெடுக்க முயல்கின்றனர். அதுவே ஆபத்தாக முடிகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியின் மீது கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் சோதனையைப் பள்ளியில் செய்திருப்போம். உள்ளே இருந்த ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்ததும் சுடர் அணைகிறது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் ஆக்சிஜன் 16 விழுக்காடு அளவில் மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. ஆக, சுடர் எரிந்துகொண்டிருப்பதால் மட்டும் அறையில் காற்று போதுமானதாக உள்ளது என்று கூற முடியாது. எரிவாயுச் சுடர் அணைவதற்கு நெடுநேரம் முன்னதாகவே அரைகுறையாக எரிந்து நச்சு வாயுவை வெளியிடத் தொடங்கிவிடும்.

சுடரின் நிறம் ஒரு நல்ல அடையாளம். ஆய்வகத்திலுள்ள புன்சன் எரிப்பானின் காற்றுத் துளையை மூடினால் சுடர் மஞ்சளாகித் தளர்ந்து ஆடும். குடுவையின் அடியில் கரி படியும். துளையைத் திறந்தால் சுடர் நீலமாகி நேராக நிற்கும். வெப்ப உலையிலும் நீலச்சுடர் நல்லதற்கும், நிலையற்ற மஞ்சள் சுடர் கோளாறுக்கும் அடையாளம். ஆனால் நீலச்சுடர் எரியும் உலையிலும் கழிவு வாயு புகைபோக்கியில் ஏறாமல் அறைக்குத் திரும்பலாம். எனவே நிறத்தை மட்டும் நம்புவது போதாது.

உலையின் வகைகள்

எரிகாற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து வீட்டு உலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இயற்கை இழுவை உலை. சூடான கழிவு வாயு இலேசானது. அது புகைபோக்கியில் தானாக மேலேறும். அது ஏறும்போது அறைக் காற்று பர்னரை நோக்கி இழுக்கப்படும். இந்த இழுவிசை மிகவும் வலுவற்றது. சில பாஸ்கல் அழுத்த வேறுபாடு மட்டுமே. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல் என்பதை நினைவில் கொண்டால் இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். அறையின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சுமார் 5 பாஸ்கல் குறைந்தாலே இவ்வகைக் கருவியில் புகைபோக்கியின் ஓட்டம் தலைகீழாகத் திரும்பக்கூடும்.

இரண்டாவது, விசிறி இழுவை உலை. ஒரு சிறிய விசிறி கழிவு வாயுவை இழுத்துப் புகைபோக்கிக்குள் தள்ளும். இவற்றின் ஆண்டுத் திறன் பெரும்பாலும் 80 விழுக்காடு அளவில் இருக்கும். இழுவை ஓரளவு உறுதியானது என்றாலும் எரிகாற்றை இதுவும் அறையிலிருந்தே எடுக்கிறது.

மூன்றாவது, மூடிய எரியறை உலை. இதில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று வெளியிலிருந்து காற்றை நேராக எரியறைக்குக் கொண்டுவரும். மற்றொன்று கழிவு வாயுவை வெளியே கொண்டுசெல்லும். அறைக் காற்றுக்கும் சுடருக்கும் தொடர்பே இல்லை. 90 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள உலைகள் பல இவ்வாறே நிறுவப்படுகின்றன. அவற்றில் கழிவு வாயுவிலுள்ள நீராவி குளிர்ந்து நீராக மாறுவதால் அதன் வெப்பமும் வீணாகாமல் கிடைக்கிறது. கழிவு வாயுவும் போதிய அளவு குளிர்ந்துவிடுவதால் பிளாஸ்டிக் குழாயே போதுமானது. கனடாவில் 2009 இறுதியிலிருந்து புதிய வீட்டு எரிவாயு உலைகளுக்கு 90 விழுக்காட்டுத் திறன் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 90 விழுக்காட்டு உலை எல்லாமே இரட்டைக் குழாய் உலை என்று எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் செலவைக் குறைக்க வெளியேற்றும் குழாயை மட்டும் பொருத்தி, காற்றை அறையிலிருந்தே எடுக்குமாறு விட்டுவிடுவதும் உண்டு. உலையின் அருகே சென்று குழாய்களை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

எவ்வளவு காற்று, எவ்வளவு திறப்பு

அமெரிக்காவில் இதற்கான விதிகளை என்.எஃப்.பி.ஏ. 54 எனப்படும் தேசிய எரிபொருள் வாயு விதித்தொகுப்பு வகுத்துள்ளது. கனடாவில் சி.எஸ்.ஏ. பி149.1 என்னும் விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. இரண்டின் அளவுகளும் ஒன்றல்ல. கீழே தரப்படுபவை அமெரிக்க விதியின் அளவுகள்.

உலையின் ஆற்றல் அங்கே பி.டி.யு. என்ற அலகில் குறிக்கப்படுகிறது. ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு பி.டி.யு. ஆகும், இது சுமார் 1055 ஜூல். ஒரு கன அடி இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1000 பி.டி.யு. வெப்பம் கிடைக்கும். அதற்கு 10 கன அடி காற்று வேண்டும் என்று முன்பே கண்டோம். எனவே 1000 பி.டி.யு.வுக்கு 10 கன அடி காற்று என்பது நினைவில் வைத்துக்கொள்ள எளிதான வாய்பாடு.

எடுத்துக்காட்டாக ஒரு நிலவறையை எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 80,000 பி.டி.யு. உலை ஒன்றும், 40,000 பி.டி.யு. நீர்சூடேற்றி ஒன்றும் உள்ளன. இரண்டும் அறைக் காற்றையே எடுப்பவை. மொத்தம் 1,20,000 பி.டி.யு. அவை எரிய மணிக்கு 1200 கன அடி காற்று ஏட்டுக்கணக்கின்படியே வேண்டும். மிகைக்காற்றும் கலப்புக் காற்றும் இதற்கு மேல்.

விதித்தொகுப்பின் முதல் வழி, அறையின் கன அளவைப் பார்ப்பது. 1000 பி.டி.யு.வுக்கு 50 கன அடி இடம் இருக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் 6000 கன அடி தேவை. கூரை 8 அடி உயரமானால் தரைப்பரப்பு 750 சதுர அடி இருக்க வேண்டும். இந்த 50 என்ற எண் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்வது பயனுள்ளது. சாதாரண வீட்டில் கதவு, சன்னல் இடுக்குகள் வழியாக ஒரு மணி நேரத்தில் அறைக் காற்றில் குறைந்தது 0.4 பங்கு மாறுகிறது என்று விதி கொள்கிறது. 6000 கன அடியில் 0.4 பங்கு என்பது 2400 கன அடி. இது நமக்குத் தேவையான 1200 கன அடியைப் போல இருமடங்கு. ஆகவே மிகைக்காற்றுக்கும் கலப்புக் காற்றுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

இப்போது அந்த நிலவறையில் 20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள பகுதியைச் சுவர் எழுப்பிப் பட்டறையாக்கி, உலையையும் அதற்குள்ளேயே விட்டுவிட்டதாகக் கொள்வோம். கன அளவு 2400 கன அடிதான். மணிக்கு 0.4 பங்கு மாறினால் 960 கன அடி புதுக்காற்று வரும். ஏட்டுக்கணக்கின் தேவைக்கே இது போதவில்லை. உலையும் நீர்சூடேற்றியும் மாறவில்லை. சுவர் ஒன்று எழுந்தது, அவ்வளவுதான். பழுது ஏதும் இல்லாத உலை ஆபத்தானதாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். சன்னல் இடுக்குகளை நன்றாக அடைத்துக் கட்டப்படும் புதிய வீடுகளில் காற்று மாற்றம் 0.4 பங்குக்கும் குறைவு. அது தெரிந்திருந்தால் இந்த 50 கன அடிக் கணக்கைப் பயன்படுத்த விதி அனுமதிப்பதில்லை.

இடம் போதாதபோது திறப்புகள் அமைக்க வேண்டும். அவற்றுக்கான அளவுகள் வருமாறு:

வீட்டின் பக்கத்து அறையோடு இணைத்தல்: இரண்டு திறப்புகள். ஒவ்வொன்றும் 1000 பி.டி.யு.வுக்கு 1 சதுர அங்குலம். 100 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நமது எடுத்துக்காட்டில் ஒவ்வொன்றும் 120 சதுர அங்குலம், அதாவது 10 அங்குலத்துக்கு 12 அங்குலம். இரண்டு அறைகளின் கூட்டுக் கன அளவு 6000 கன அடியை எட்ட வேண்டும்.

சுவர் வழியாக நேராக வெளியே திறத்தல், அல்லது செங்குத்துக் குழாய்: இரண்டு திறப்புகள், ஒவ்வொன்றும் 4000 பி.டி.யு.வுக்கு 1 சதுர அங்குலம். நமக்கு 30 சதுர அங்குலம்.

கிடைமட்டக் குழாய் வழியாக வெளியே திறத்தல்: இரண்டு திறப்புகள்; ஒவ்வொன்றும் 2000 பி.டி.யு.வுக்கு 1 சதுர அங்குலம். நமக்கு 60 சதுர அங்குலம்.

வெளியே திறக்கும் ஒரே திறப்பு: 3000 பி.டி.யு.வுக்கு 1 சதுர அங்குலம். நமக்கு 40 சதுர அங்குலம். 7 அங்குல வட்டக் குழாயின் பரப்பு 38.5 சதுர அங்குலம்தான் என்பதால் அது போதாது. 8 அங்குலக் குழாய் வேண்டும்.

இரண்டு திறப்புகள் கேட்கப்படும் இடங்களில் ஒன்று கூரையிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளும், மற்றொன்று தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளும் அமைய வேண்டும். சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் நிற்கும் என்பதே காரணம். கீழ்த்திறப்பில் காற்று நுழைய, மேல்திறப்பில் சூடான காற்று வெளியேற, விசிறி இல்லாமலே ஓர் ஓட்டம் உண்டாகிறது. ஒற்றைத் திறப்பாயின் அது கூரையை ஒட்டி இருக்க வேண்டும்.

திறப்பின் அளவு என்பது காற்று உண்மையில் செல்லும் பரப்பைக் குறிக்கும். மழையும் எலியும் வராமலிருக்கப் பொருத்தும் சாய்தகடுகளும் வலையும் அந்தப் பரப்பைக் குறைக்கின்றன. உலோகச் சாய்தகடுகளில் 75 விழுக்காடும், மரச் சாய்தகடுகளில் 25 விழுக்காடும் மட்டுமே திறந்த பரப்பாக விதி கணக்கில் கொள்கிறது. எனவே 30 சதுர அங்குலம் வேண்டுமானால் உலோகச் சட்டம் 40 சதுர அங்குலமும், மரச் சட்டம் 120 சதுர அங்குலமும் இருக்க வேண்டும். வலையின் கண் கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நுண்ணிய கொசுவலையை மரத்தூள் விரைவில் அடைத்துவிடும்.

விசிறி வைத்தும் காற்றை உள்ளே செலுத்தலாம். அதற்கு 1000 பி.டி.யு.வுக்கு நிமிடத்துக்கு 0.35 கன அடி என்பது அளவு. நமது எடுத்துக்காட்டில் 42 கன அடி. விசிறி ஓடாவிட்டால் பர்னரும் பற்றக் கூடாது என்றவாறு இரண்டையும் மின்சுற்றில் இணைத்துவிட வேண்டும்.

பட்டறைக்கே உரிய சிக்கல்கள்

தூசி உறிஞ்சி. மர வேலைக்கான சிறிய தூசி உறிஞ்சிகூட நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை இழுக்கும். அதன் வெளிவாயை வீட்டுக்கு வெளியே வைத்தால் மணிக்கு 36,000 கன அடி காற்று வெளியேறும். உலையும் நீர்சூடேற்றியும் கேட்பது 1200 கன அடி. தூசி உறிஞ்சி எடுப்பது அதைப்போல 30 மடங்கு. வெளியேறும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். சன்னல் மூடியிருந்தால் புகைபோக்கியே மிக எளிய வழியாகிறது. மேலே போக வேண்டிய கழிவு வாயு கீழே இறங்கி அறைக்குள் பரவும். இதற்குப் பின்னிழுப்பு என்று பெயர். உலைக்கென அமைத்த 30 சதுர அங்குலத் திறப்புகள் இந்த உறிஞ்சலுக்கு ஈடுகொடுக்க மாட்டா. வண்ணப்பூச்சு அறையின் வெளியேற்று விசிறி, துணி உலர்த்தும் எந்திரம், சமையலறைப் புகைவிசிறி ஆகியவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தீர்வு, தூசி உறிஞ்சியின் காற்றை நல்ல வடிகட்டி வழியாகப் பட்டறைக்குள்ளேயே திருப்பிவிடுவது. அல்லது அது ஓடும்போதெல்லாம் பெரிய சன்னலைத் திறந்துவைப்பது. அல்லது மூடிய எரியறை உலைக்கு மாறுவது.

மரத்தூள். காற்றோடு நுண்தூளும் பர்னரை அடைகிறது. அது பர்னரின் துளைகளை அடைத்தால் காற்று குறைந்து சுடர் மஞ்சளாகும். அமெரிக்காவில் 2003 முதல் விற்கப்படும் வீட்டுத் தொட்டி நீர்சூடேற்றிகளில், வெளியிலுள்ள எரிதகு ஆவி பற்றிக்கொள்ளாதபடி அடியில் ஒரு சுடர்தடுப்பு வலை உண்டு. காற்று அந்த வலை வழியாகத்தான் செல்ல வேண்டும். பட்டறைத் தூசியால் அது அடைபடுவது அடிக்கடி நேர்கிறது. அதைத் தூரிகையாலும் உறிஞ்சியாலும் அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும்.

பூச்சுகளும் கரைப்பான்களும். வார்னிஷ், தின்னர் ஆகியவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று பர்னரை எட்டினால் தீப்பற்றும். கார் கொட்டகையில் பெட்ரோல் ஆவிக்கும் இது பொருந்தும். அதனால்தான் அங்கே தீப்பொறி தரும் பகுதிகள் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டுமென விதி உள்ளது. குளோரின் கலந்த வண்ண நீக்கிகளால் வேறொரு கேடும் உண்டு. அவற்றின் ஆவி சுடரில் எரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி உலையின் வெப்பப் பரிமாற்றியை அரித்துவிடும்.

திரும்புகாற்று. உலையின் பெரிய ஊதுவிசிறி வீட்டறைகளின் காற்றை இழுத்துச் சூடாக்கித் திருப்பி அனுப்புகிறது. அந்தக் காற்றை இழுக்கும் குழாயில் பட்டறைக்குள் திறப்போ விரிசலோ இருந்தால், உலையே தன் அறையின் அழுத்தத்தைக் குறைத்துத் தன் புகைபோக்கிக்கு எதிராக வேலை செய்யும். கசிந்த நச்சு வாயுவையும் தூசியையும் படுக்கையறைவரை கொண்டு சேர்க்கும். எனவே உலை நிற்கும் அறையில் திரும்புகாற்றுத் திறப்பு வைக்கக் கூடாது; குழாய் இணைப்புகளை நன்றாக அடைத்துவிட வேண்டும்.

குளிரும் அடைத்த துளையும்

வெளிவெப்பநிலை உறைநிலைக்கும் கீழே செல்லும் ஊரில், பட்டறையில் வேலை செய்பவரின் காலடியில் பனிக்காற்று வந்து விழுந்தால் அவர் என்ன செய்வார்? பழந்துணியை எடுத்துத் துளையை அடைத்துவிடுவார். எரிகாற்றுத் திறப்புகளுக்கு நேரும் பெரிய ஆபத்து இதுவே. மனிதரின் இந்த இயல்பை மனத்தில் கொண்டே திறப்பை அமைக்க வேண்டும்.

குளிரைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. உள்ளே வரும் குழாயைத் தரைவரை இறக்கி, அதன் வாயை ஒரு வாளிக்குள் விடுவது பழகிய முறை. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது என்பதால் வாளியில் தேங்கி நிற்கும். உலை இழுக்கும்போதே பெரும்பாலும் வழிந்து வெளிவரும். குழாயைச் சுற்றி வெப்பக்காப்பு உறை போட்டால் அதன்மேல் நீர் வியர்த்துச் சொட்டாது. மோட்டாரால் திறந்து மூடும் தகடும் பொருத்தலாம். ஆனால் தகடு முழுமையாகத் திறந்த பிறகே பர்னர் பற்றுமாறு இணைப்பு இருக்க வேண்டும். உலையை மட்டும் தனிச்சுவர் எழுப்பி ஒரு சிற்றறைக்குள் வைத்து, வெளிக்காற்றுத் திறப்புகளை அந்த அறைக்கே விடுவதும் நல்லது. அப்போது குளிரும் பட்டறைக்கு வராது, தூளும் உலைக்குப் போகாது.

எல்லாவற்றிலும் சிறந்தது இரட்டைக் குழாய் உலைதான். அதை நிறுவும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய உலை நீக்கப்பட்ட பின்னும் நீர்சூடேற்றி பழைய புகைபோக்கியிலேயே விடப்படுவதுண்டு. இருவருக்கெனக் கட்டிய அகன்ற புகைபோக்கி, ஒருவரின் சிறிதளவு சூட்டால் வெப்பமடையாது. இழுவை குறையும், நீராவி உள்ளேயே படிந்து சுவரை அரிக்கும். அந்தப் புகைபோக்கிக்குள் குறுகிய உலோகக் குழாய் ஒன்றைச் செருகுவதோ நீர்சூடேற்றியையும் மாற்றுவதோ தேவைப்படும்.

இழுவைச் சோதனை

புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் மூட வேண்டும். தூசி உறிஞ்சி, உலர்த்தி, சமையலறை விசிறி அனைத்தையும் ஒருசேர ஓடவிட வேண்டும். பிறகு நீர்சூடேற்றியை இயக்கி ஐந்து நிமிடம் கழித்து, அதன் மேல்புறம் புகைக்குழாய் தொடங்கும் திறப்பின் ஓரத்தில் எரியும் ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுக்கப்பட்டால் இழுவை உள்ளது. புகை நம் பக்கம் திரும்பி வந்தால் கழிவு வாயுவும் அவ்வாறே திரும்புகிறது என்று பொருள். உடனே கருவியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்துவிட்டு, உரிமம் பெற்ற வல்லுநரை அழைக்க வேண்டும். வார்னிஷோ தின்னரோ திறந்திருக்கும் நேரத்தில் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

சன்னல் கண்ணாடியில் வழக்கத்துக்கு மாறாக நீர் வழிவது, புகைக்குழாய்த் திறப்பைச் சுற்றிக் கரியோ துருவோ படிவது, பட்டறையில் இருக்கும்போது வரும் தலைவலி வெளியே சென்றதும் நீங்குவது ஆகியவையும் எச்சரிக்கைகளே.

எச்சரிக்கைக் கருவி

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடைசிக் காவல். அமெரிக்கத் தரப்படி அது பத்து இலட்சத்தில் 70 பங்கு இருந்தால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள்ளும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் ஒலிக்க வேண்டும். படுக்கையறைகளுக்கு அருகில் ஒன்று கட்டாயம். பட்டறையில் இன்னொன்று நல்லது. ஒலித்தால் காரணத்தைத் தேடிக்கொண்டு உள்ளே நிற்கக் கூடாது. அனைவரும் வெளியே வந்து தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வுட்ஸ்டாக் நகரில் 2008 இறுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இந்த நச்சு வாயுவால் இறந்தனர். எரிவாயுக் கணப்பின் கழிவுப் பாதை அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. அக்குடும்பத்தின் பெயரால் இயற்றப்பட்ட 2013ஆம் ஆண்டின் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டத்தின் கீழ் ஒன்டாரியோ வீடுகளில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. டொரன்டோ பகுதியில் பெருமளவில் வாழும் தமிழர் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நிலவறையில் உறவினரையோ மாணவரையோ குடிவைக்கும்போது உலை நிற்கும் மூலையைச் சுவரெழுப்பி மறைப்பதும், பட்டறைக்காகச் சுவரெழுப்புவதும் காற்றுக் கணக்கில் ஒன்றே.

தமிழ்நாட்டில் இதன் பொருத்தம்

தமிழ்நாட்டில் வெப்ப உலை தேவையில்லை. ஆனால் குளியலறைக்குள் மாட்டப்படும் கேஸ் கீசருக்கு இதே வேதியியல் பொருந்தும். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரைச் சூடாக்கும் கீசர் பத்து நிமிடம் எரியச் சுமார் 2 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடிக்கு 7 அடி பரப்பும் 9 அடி உயரமும் உள்ள குளியலறையின் கன அளவு ஏறத்தாழ 9 கன மீட்டர். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு குளிப்பவரின் காற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைப் பத்தே நிமிடத்தில் கீசர் பயன்படுத்திவிடுகிறது. அதன் கழிவு வாயுவும் அதே அறையில்தான் தங்குகிறது. எனவே கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, சூடான நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பானது.

எங்கு எரிந்தாலும் சுடருக்கு இரண்டு வழிகள் தேவை. ஒன்று காற்று உள்ளே வர. மற்றொன்று கழிவு வாயு வெளியே போக. ஓர் அறையில் புதிதாகச் சுவர் எழுப்பும்போதும், விசிறி பொருத்தும்போதும், இடுக்கை அடைக்கும்போதும் அங்கே எரியும் சுடருக்கு இந்த இரண்டு வழிகளும் இன்னும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.